பேசாத பெட்டி

எங்கள் குடும்பத்தில் பேசாமலிருக்கத் தெரிந்தவர்கள் யாருமே கிடையாது. மனிதர்கள் இருக்கட்டும், எங்கள் வீட்டுக் கதவுகள் கூடச் சும்மா இருப்பதில்லை. அத்தகைய வீட்டில் நாற்பது வருஷ காலம் ஒரு பெட்டி மௌன விரதம் பூண்டு வாழ்ந்ததென்றால் ஆச்சரியந்தான் அல்லவா? ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடத்தில், அலமாரியின் மேல், பூ வேலை செய்த துணிக்கு அடியில் அது வீற்றிருந்தது. ஒரு காலத்தில் அந்த வீட்டில் அது ஒன்றுதான் பேசும். மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொண்டு கேட்பார்கள். ரேடியோப் பெட்டியைத்தான் சொல்லுகிறேன்.

என் பாட்டனார் அதை 1947-ம் வருஷத்தில் வாங்கினார். சுதந்திரம் வரப் போகிறது. அது வருகிற சத்தத்தைத் தம் காதாலேயே கேட்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆகஸ்டு 14-ந் தேதி நள்ளிரவில் தெருவில் பாதிப் பேர் எங்கள் கூடத்தில் இருந்தார்களாம். ஐந்து மாதங் கழித்து, 1948 ஜனவரி 30-ந் தேதி இரவில், அதே ஜனங்கள் அதே கூடத்தில் மறுபடியும் கூடினார்கள். மகாத்மா காந்தி மாலையில் சுடப்பட்டு இறந்தார். இரவு நேரு ரேடியோவில் நாட்டு மக்களிடம் பேசினார். என் அத்தைக்கு அப்போது வயது 10.

"அவர் இங்கிலீஷில் பேசினார். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறார் என்பது மட்டும் புரிந்தது. அப்பா அழுததை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன்" என்று அத்தை சொல்வதுண்டு.

அத்தைக்கு இப்போது வயது 88. சென்ற வருஷம் ஒரு நாள் திடீரென்று, "அந்தப் பெட்டியை ஒரு தடவை பேச வையேன்டா" என்றாள்.

இதற்கு மேல் எனக்கு வேறு உத்தரவு வேண்டுமா? உடனே காரியத்தில் இறங்கினேன். அங்கேதான் வந்தது வினை.

அவசரக்காரன் செய்த வேலை

பழைய ரேடியோவை எடுத்ததும் மனிதனுக்கு இரண்டு ஆசைகள் தோன்றுகின்றன. ஒன்று, அதை நன்றாகத் துடைக்க வேண்டும் என்பது. மற்றொன்று, அதைச் சுவரில் செருகிப் பார்க்க வேண்டும் என்பது. இரண்டும் இயற்கையான ஆசைகள், இரண்டும் தவறானவை. நான் இரண்டையும் செய்யத் துணிந்தேன்.

முன்பக்கத்துக் கண்ணாடி டயலில் தூசி படிந்திருந்தது. கண்ணாடியைக் கழற்றி ஈரத் துணியினால் இரண்டு பக்கமும் அழுத்தித் துடைத்தேன். துணியைப் பார்த்தால் அதில் பொன்னிறமாக ஏதோ ஒட்டிக் கொண்டிருந்தது. டயலைப் பார்த்தேன். டெல்லி இருந்தது, பம்பாய் இருந்தது, கல்கத்தா, கொழும்பு, லண்டன் எல்லாம் இருந்தன. திருச்சியைக் காணோம்! ஊர்ப் பெயர்களைக் கண்ணாடியின் பின்பக்கத்தில் வர்ணத்தினால் அச்சிடுவது அந்த நாளைய வழக்கம். எழுபது எண்பது வருஷங்களில் அந்த வர்ணம் கண்ணாடியைப் பிடித்துக் கொண்டிருப்பதே பெரிய காரியம். தண்ணீர் பட்டால் போதும், ஊரோடு பெயர்ந்து வந்துவிடும்.

திருச்சி ரேடியோ நிலையம் 1939 மே 16-ந் தேதி ஆரம்பமாயிற்று. சென்னை நிலையம் அதற்கு ஒரு வருஷம் முந்தி, 1938 ஜூன் 16-ந் தேதி தோன்றியது. அதற்கும் முன்னால், 1924-லேயே, ஸ்ரீ ஸி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் சென்னையில் ஒரு ரேடியோ சங்கம் ஆரம்பித்து ஒலிபரப்பு நடத்தியிருக்கிறார். 1930-ல் அந்தப் பணியை நகரசபை ஏற்றுக் கொண்டது. இவ்வளவு பேருடைய முயற்சியினால் டயலில் இடம் பெற்ற எங்கள் ஊரை நான் ஒரே நிமிஷத்தில் துடைத்து எறிந்தேன்.

அதோடு விட்டேனா? மின்சாரக் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சுவரை நோக்கிப் புறப்பட்டேன். நல்ல வேளை! கம்பியின் ரப்பர் உறை என் விரல்களுக்கு இடையில் முறுக்கைப் போல் பொடிப் பொடியாக உதிர்ந்தது. உள்ளே செம்புக் கம்பி பல்லைக் காட்டியது. அந்த ரப்பருக்கு நான் நன்றி செலுத்த வேண்டும். அது உதிராமலிருந்தால் பெட்டி எரிந்திருக்கும். அல்லது நான் எரிந்திருப்பேன்.

மறுநாள் ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயர் எதற்கு? கடைக்காரர் நல்ல மனிதர்தான். பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "இரண்டு மணி நேர வேலை, ஸார்! உள்ளே இருக்கிற குப்பையையெல்லாம் எடுத்து எறிந்துவிட்டு, சின்னதாக ஒரு 'ப்ளூடூத்' வைத்துத் தருகிறேன். உங்கள் செல்போனில் வருகிற பாட்டு இதிலே வரும். வெளியே தாத்தா, உள்ளே பேரன்!" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. செலவு குறைவு, சிரமம் இல்லை, அத்தைக்கு வேண்டியது பெட்டி பேச வேண்டும் என்பதுதானே? வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அத்தை சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் பேசுகிறது இந்தப் பெட்டியா, வேறே பெட்டியா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பெட்டியை மறுபடியும் துணி போட்டு மூடி வைத்தேன்.

கை அப்புறம், கண் முதலில்

விசாரித்ததில், திருச்சியில் ஒரு சந்தில் மாடி அறையொன்றில் பெரியவர் ஒருவர் இருப்பதாகத் தெரிந்தது. ஒரு காலத்தில் பையன்களுக்கு ரேடியோ மெக்கானிக் வேலை கற்றுக் கொடுத்தவராகையால் அக்கம் பக்கத்தில் எல்லோரும் அவரை 'ரேடியோ வாத்தியார்' என்றே அழைத்தார்கள். வயது 75-க்கு மேல் இருக்கும். எங்கள் வீட்டுக்கே வந்தார். அத்தை அவரை, "வா, தம்பி!" என்று வரவேற்றாள். பல வருஷங்களாக அவரை யாரும் தம்பி என்று கூப்பிட்டதில்லை போலிருக்கிறது. மனிதர் அப்போதே எங்கள் கட்சியில் சேர்ந்துவிட்டார்.

பெட்டியின் பின் பலகையைக் கழற்றினார். கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கால் மணி நேரம் உள்ளே பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, ஏதாவது எடுத்துக் கொடுக்கட்டுமா?" என்றேன்.

"வேண்டாம், ஸார். முதலில் கண் வேலை செய்யட்டும். கை அப்புறம்."

பிறகு செல்போனினால் நாலைந்து படங்கள் எடுத்தார். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று ஒரு காகிதத்தில் வரைந்து கொண்டார். மெல்லிய தூரிகையினால் தூசியைத் தட்டினார். பல்லி முட்டை ஓடுகளும், கரப்பான் பூச்சியின் சிறகுகளும், எலி கொண்டு வந்து சேர்த்த பஞ்சும் வெளியே வந்தன. அத்தனைக்கும் அடியில், கண்ணாடிக் குடுவைகளைப் போல், ஐந்து வால்வுகள் மங்கலாக நின்று கொண்டிருந்தன.

வால்வின் கதை

இந்த வால்வு என்பது பார்வைக்கு ஒரு விளக்குத்தான். காற்றை எடுத்துவிட்ட கண்ணாடிக் குடுவைக்குள் ஓர் இழை சூடேறிச் சிவக்கிறது. சூடேறிய பாகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பி, எதிரே உள்ள தகட்டை நோக்கி ஓடுகின்றன. ஒரே திசையில்தான் ஓடும், திரும்பி வராது. இதை வைத்து 1904-ல் இங்கிலாந்தில் பிளெமிங் என்பவர் முதல் வால்வைச் செய்தார். இரண்டு வருஷங் கழித்து அமெரிக்காவில் லீ டி பாரெஸ்ட் என்பவர் இழைக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பி வலையை நுழைத்தார். அணையின் மதகைச் சிறிது ஏற்றி இறக்கினால் பெரிய வெள்ளமே ஏறி இறங்குகிறதல்லவா? அதைப் போல், வலையில் உண்டாகும் மிகச் சிறிய மாறுதல் பெரிய மின் ஓட்டத்தையே ஆட்டி வைத்தது. ஆகாயத்தில் வந்த ஈன ஸ்வரம் கூடம் முழுவதும் கேட்கும் குரலாயிற்று.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். பிளெமிங் வால்வு பிறந்த அதே 1904-ல், நமது ஜகதீச சந்திர போஸுக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது. கலீனா என்னும் கனிப்பொருள் படிகத்தைக் கொண்டு மின் அலைகளைக் கண்டறியும் கருவிக்காகக் கிடைத்த உரிமை அது. வால்வின் அரசாட்சியை முடித்து வைத்த டிரான்ஸிஸ்டரும் அத்தகைய படிகங்களின் வம்சத்தில் வந்ததுதான். அது தோன்றியது 1947 டிஸம்பரில். என் பாட்டனார் புது ரேடியோவை வாங்கிப் பெருமையுடன் கூடத்தில் வைத்த அதே வருஷத்தில், அதன் காலத்தை முடிக்கப் போகிற யமன் கடல் கடந்து பிறந்துவிட்டான்!

ஆனாலும் யமன் உடனே வந்துவிடவில்லை. பெங்களூரில் 1954-ல் தொடங்கிய பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை, பின்னர் 1960-களில் நம் நாட்டு ரேடியோக்களுக்கு வேண்டிய வால்வுகளை நம் நாட்டிலேயே செய்து கொடுத்தது.

வாத்தியார் ஒவ்வொரு வால்வாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கண்ணாடியின் உட்புறத்தில் வெள்ளிப் பூச்சைப் போல் ஒரு திட்டு இருக்கிறது. மிச்சம் மீதியிருக்கும் காற்றை விழுங்குவதற்காக வைக்கப்பட்ட பூச்சு அது. "இது வெள்ளியாகப் பளபளத்தால் உயிர் இருக்கிறது, ஸார். பால் மாதிரி வெளுத்துப் போயிருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது, அவ்வளவுதான்." எங்கள் வால்வுகள் ஐந்தும் வெள்ளியாகவே இருந்தன.

ஐந்து வால்வுகளும் செய்கிற வேலை என்ன? பல ஊர்களிலிருந்து பல அளவான அலைகள் வருகின்றன. ஒவ்வொன்றையும் தனித் தனியே கவனித்து வளர்ப்பது கஷ்டம். ஆகவே முதல் வால்வு, எந்த ஊர் அலை வந்தாலும், சராப்புக் கடைக்காரர் எல்லா தேசத்துக் காசையும் ஒரே நாணயமாக மாற்றிக் கொள்வதைப் போல், ஒரே அளவான அலையாக மாற்றிவிடுகிறது. இரண்டாவது வால்வு அதை வளர்க்கிறது. மூன்றாவது அதிலிருந்து குரலைப் பிரித்தெடுக்கிறது. நான்காவது அந்தக் குரலுக்கு வலிமை கொடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. ஐந்தாவது, மற்ற நால்வருக்கும் வேண்டிய மின்சாரத்தைத் தயாரித்துப் போடும் சமையற்காரர். 1918-ல் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த முறை இது.

குற்றவாளி யார்?

பழைய ரேடியோ பேசவில்லையென்றால் ஜனங்கள், "வால்வு போயிற்று" என்று சொல்வது வழக்கம். பாவம், வால்வின் மேல் பழி! பெரும்பாலும் குற்றவாளி வேறு ஆசாமி. அவன் பெயர் கண்டென்ஸர்.

அந்தக் காலத்துக் கண்டென்ஸரில் மெல்லிய உலோகத் தாளையும் காகிதத்தையும் சேர்த்துப் பாய் சுருட்டுவது போல் சுருட்டி, மெழுகு பூசி வைத்திருப்பார்கள். வருஷங்கள் ஆக ஆகக் காகிதம் ஈரத்தைக் குடிக்கிறது. மின்சாரம் கசிய ஆரம்பிக்கிறது. எங்கள் பெட்டியில் இத்தகைய காகிதக் கண்டென்ஸர்கள் 14 இருந்தன. அவற்றில் ஒன்றை வாத்தியார் குறிப்பாகக் காட்டினார். மூன்றாவது வால்வுக்கும் நான்காவது வால்வுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தது அது.

"இவன் வாயில் காவலன், ஸார். குரலை மட்டும் உள்ளே விட வேண்டும். அழுத்தமான மின்சாரத்தை வெளியிலேயே நிறுத்த வேண்டும். இவன் கொஞ்சம் கண் அயர்ந்தால் போதும். அந்தப் பக்கத்து மின்சாரம் கசிந்து கடைசி வால்வின் வலையில் ஏறிவிடும். வால்வு தன் சக்திக்கு மீறி உழைத்து வெந்து போகும். அதைத் தொடர்ந்து டிரான்ஸ்பார்மர் எரியும். காவலன் தூங்கினதற்கு அரண்மனையே பற்றி எரிகிற கதை!"

புதிய காவலனின் விலை, ஹோட்டலில் ஒரு காப்பிக்குக் கொடுப்பதைவிடக் குறைவு.

இன்னொரு வகைக் கண்டென்ஸர் அலுமினியக் குவளைக்குள் இருக்கிறது. மின்சாரத்திலுள்ள ரீங்காரத்தை வடிகட்டுவது அதன் வேலை. பல வருஷம் மின்சாரமே படாமல் கிடந்தால் அதனுள்ளே இருக்கும் நுண்ணிய காப்புப் படலம் கரைந்து விடுகிறது. அந்த நிலையில் திடீரென்று முழு மின்சாரத்தையும் கொடுத்தால் என்ன ஆகும்? நாற்பது நாள் பட்டினி கிடந்தவனுக்கு விருந்துச் சாப்பாடு போட்டது போல்தான். நான் சுவரை நோக்கிப் புறப்பட்டேனே, அன்று நடக்கவிருந்தது இதுவே.

டிரான்ஸ்பார்மர் உயிரோடிருக்கிறதா என்று பார்க்க வாத்தியார் ஒரு யுக்தி செய்தார். பழைய மாதிரி 60 வாட் இழை பல்பு ஒன்றை, மின்சாரம் போகிற வழியில் ரேடியோவுக்கு முன்னால் இணைத்தார். வால்வுகளையெல்லாம் எடுத்துவிட்டு ஸ்விட்சைப் போட்டார். உள்ளே எங்கேயாவது கம்பிகள் ஒன்றோடொன்று சேர்ந்து போயிருந்தால் பல்பு முழுப் பிரகாசத்துடன் எரியும். மின்சாரம் அதற்கு மேல் பாயாதபடி அந்தப் பல்பே தடுத்துவிடும். எல்லாம் ஒழுங்காயிருந்தால் பல்பு எரிந்தும் எரியாமலும் இருக்கும். நாங்கள் மூவரும் அந்தப் பல்பையே பார்த்துக் கொண்டிருந்தோம். பல்புக்குள் இழை சற்றே சிவந்து, அப்படியே அடங்கிவிட்டது. வாத்தியார் முதன்முதலாகச் சிரித்தார். "டிரான்ஸ்பார்மர் நன்றாக இருக்கிறது, அம்மா!" என்று அத்தையைப் பார்த்துச் சொன்னார். வயிற்றில் பால் வார்த்தாற் போலிருந்தது.

மாற்றியதும் மாற்றாததும்

இதற்குப் பிறகு வேலை மூன்று வாரம் நடந்தது. ஒரு கண்டென்ஸரை எடுத்து, புதியதை வைத்து, ஈயம் பற்ற வைத்து, காகிதத்தில் குறித்துக்கொண்ட பிறகே அடுத்ததைத் தொடுவார். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பிடுங்கிப் போடுகிறவன் திரும்ப வைக்கும்போது திண்டாடுவான் என்பது அவருடைய கொள்கை. மின்தடைகளையும் ஒவ்வொன்றாக அளந்தார். 47,000 ஓம் இருக்க வேண்டிய ஒன்று 80,000 காட்டியது. "வயதானால் பிடிவாதம் அதிகமாகும் அல்லவா? இதுவும் அப்படித்தான்" என்றார். அத்தை என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அலைகளைச் சீர்ப்படுத்தும் திருகுகள் சில, மெழுகு வைத்து முத்திரையிடப்பட்டிருந்தன. அவற்றை அவர் தொடவே இல்லை. விஷயம் தெரியாதவர்கள் முதலில் திருப்புவது அந்தத் திருகுகளைத்தானாம். தொழிற்சாலையில் கருவிகளைக் கொண்டு வைத்த அளவு ஒரு திருப்பில் போய்விடும். பிறகு தக்க கருவியில்லாமல் அதைக் கொண்டு வரமுடியாது.

ஸ்பீக்கரின் காகிதக் கூம்பில் எலி கடித்த கிழிசல் ஒன்று இருந்தது. மெல்லிய காகிதத்தையும் பசையையும் கொண்டு அதை ஒட்டினார். மரப்பெட்டிக்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணி உருண்டையினால் மெல்ல மெல்ல மெருகேற்றினார். அந்த அரக்கு நம் நாட்டுச் சரக்குத்தான். இன்று ஜார்க்கண்டு என்று வழங்கும் பிரதேசத்தில் மரங்களின் மேல் வாழும் பூச்சிகள் செய்து தருகிற பொருள் அது.

பெட்டியின் நெற்றியில் 'மாயக் கண்' ஒன்று உண்டு. 1930-களின் மத்தியில் வழக்கத்துக்கு வந்த விசேஷ வால்வு அது. நிலையம் சரியாக அகப்பட்டால் அதன் பச்சை ஒளி விரிந்து சேரும். எங்கள் பெட்டியின் கண் வெகுவாக மங்கியிருந்தது. "இதற்கு வைத்தியம் கிடையாது, ஸார். ஒளி விடுகிற பூச்சு எரிந்து எரிந்து தேய்ந்து போகும். புதிதாக இதை யாரும் செய்வதில்லை. பழைய சரக்கு எங்கேயாவது கிடைத்தால் உண்டு" என்றார். தேடலாமா என்று நான் கேட்டேன். "வேண்டாம். கண் மங்கினால் என்ன? நான் என் கண்ணை மாற்றிக் கொண்டேனா?" என்று அத்தை தீர்ப்புக் கூறிவிட்டாள்.

எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. பழைய கண்டென்ஸர்களின் மெழுகுக் கூட்டைக் குடைந்து, உள்ளே புதியதை மறைத்து வைத்து, பழையது போலவே காட்டுகிறவர்கள் உண்டென்று கேள்விப்பட்டிருந்தேன். அப்படிச் செய்யலாமே என்றேன்.

"செய்யலாம். பார்வைக்கு அழகாக இருக்கும்; அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் மறைத்ததை எங்கேயாவது எழுதி வைக்கவேண்டும். நாளைக்கு இதைத் திறக்கிறவன் என்னை நம்பித்தானே கை வைப்பான்?"

அலுமினியக் குவளையைக் கழற்றாமல், அதன் கம்பிகளை மட்டும் விடுவித்து, இருந்த இடத்திலேயே நிறுத்தினார். மற்றப் பழைய கண்டென்ஸர்கள் 14-ஐயும் ஒரு துணிப் பையில் கட்டிப் பெட்டியின் மூலையில் வைத்தார். அத்தையின் கேள்விக்கு அப்போதுதான் எனக்குப் பதில் கிடைத்தது. தேய்ந்ததை மட்டும் மாற்றி, மாற்றியதைச் சொல்லிவிட்டால், பேசுகிறது இந்தப் பெட்டிதான். உள்ளிருப்பதை எல்லாம் எறிந்துவிட்டு முகத்தை மட்டும் வைத்துக்கொண்டால் அது வேறு பெட்டி; நம் பெட்டியின் சட்டையைப் போட்டுக் கொண்டிருக்கிறது, அவ்வளவே.

செல்போனிலுள்ள பாட்டை இதில் கேட்க வேண்டுமென்றாலும் குடலைப் பிடுங்க வேண்டியதில்லை. அந்தக் காலத்து ரேடியோக்கள் பலவற்றில், கிராமபோனை இணைப்பதற்கென்றே பின்புறத்தில் இரண்டு துளைகள் உண்டு. எங்கள் பெட்டியிலும் இருந்தன. தக்க கம்பியும் இணைப்பும் செய்து கொடுத்தால், கிராமபோன் பாடிய வழியில் செல்போனும் பாடிவிட்டுப் போகிறது. நம் முன்னோர்கள் பேரனுக்கும் வழி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

ஜாக்கிரதை!

இதைப் படித்துவிட்டு நேயர்கள் பரணிலிருந்து பெட்டியை இறக்கினால் எனக்குச் சந்தோஷமே. ஆனால் சில விஷயங்களைச் சொல்லாமலிருப்பது பாவம்.

வால்வு ரேடியோவுக்குள் 250 வோல்ட்டுக்கு மேலும் மின்சாரம் இருக்கும். ஸ்விட்சை நிறுத்திக் கம்பியைப் பிடுங்கிய பிறகும் கண்டென்ஸர்களில் அது சிறிது நேரம் தங்கியிருக்கும். பல வீட்டு ரேடியோக்களில் டிரான்ஸ்பார்மரே கிடையாது. அவற்றில் உள்ளே இருக்கும் இரும்புத் தட்டே நேராக மின்சாரத்துடன் சேர்ந்திருக்கலாம். குமிழ் கழன்ற தண்டைத் தொட்டாலும் போதும், ஆபத்துத்தான். அந்த ஜாதிப் பெட்டியில் செல்போன் முதலியவற்றை ஒரு நாளும் இணைக்கலாகாது. சில பெட்டிகளில் சூட்டைத் தடுக்கக் கல்நார்த் தகடு வைத்திருப்பார்கள். அதைச் சுரண்டவோ, அதன் தூசியைச் சுவாசிக்கவோ கூடாது. தூசி தட்டுவதும், படம் எடுப்பதும், மரத்துக்கு மெருகிடுவதும் வீட்டார் செய்யலாம். மின்சாரம் பாய்ச்சுகிற வேலையைத் தெரிந்தவர் கையில் விடுவதே புத்திசாலித்தனம். டயலை மட்டும், தயவு செய்து, ஈரத் துணியினால் துடைக்க வேண்டாம்.

பெட்டி பேசியது

வேலை முடிந்த அன்று மாலை கூடத்தின் குறுக்கே பழைய செம்புக் கம்பி வலை ஏரியலைக் கட்டினோம். இருட்டட்டும் என்றார் வாத்தியார். பகலில் வானத்தின் ஒரு படலம் மத்திய அலைகளை விழுங்கி விடுகிறது. சூரியன் அஸ்தமித்ததும் அந்தப் படலம் மறைய, தூர தேசத்து அலைகள் மேலே உள்ள படலத்தில் பட்டுத் திரும்பி வருகின்றன.

இரவு எட்டு மணிக்கு ஸ்விட்சைப் போட்டார். டயலில் மஞ்சள் விளக்கு எரிந்தது. சத்தம் இல்லை. பத்து எண்ணினேன், இருபது எண்ணினேன். இக்காலத்துச் சாமான்கள் பொத்தானைத் தொட்டதும் கத்துகின்றன. வால்வு சூடேற வேண்டும், காத்திருக்க வேண்டும். முப்பது எண்ணுவதற்குள், வெகு தூரத்தில் மழை பெய்வது போல் ஓர் ஒலி கேட்டது. பிறகு பயங்கரமான கடகடச் சத்தம்! நான் பின்வாங்கினேன்.

"பயப்படாதீர்கள். இது ரேடியோவின் குற்றமில்லை. உங்கள் வீட்டின் குற்றம்" என்றார் வாத்தியார். எல். இ. டி. விளக்குகளை அணைக்கச் சொன்னார். செல்போன் சார்ஜர்களைப் பிடுங்கச் சொன்னார். ஒவ்வொன்றாக அணைய அணைய, சத்தம் அடங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் கூடம் இருட்டாயிற்று. டயலின் மஞ்சள் ஒளியும், மங்கலான பச்சைக் கண்ணும் மட்டுமே மிச்சம்.

இந்த இருட்டில் எத்தனை கூடங்களில் எத்தனை பேர் இப்படி உட்கார்ந்திருந்தார்களோ! 1942-ல் ஆகஸ்டுப் போராட்டத்தின்போது பம்பாயில் உஷா மேத்தா என்ற இளம் பெண்ணும் அவருடைய தோழர்களும் இடம் மாற்றி மாற்றி ஒளித்து நடத்திய காங்கிரஸ் ரேடியோவை, இத்தகைய பெட்டிகளில்தான் ஜனங்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். ஆகஸ்டு 27-ல் ஆரம்பித்த அந்தக் குரல், நவம்பர் 12-ந் தேதி போலீஸார் அவர்களைப் பிடிக்கும் வரையில் ஒலித்தது.

இன்று உலகத்தில் பல தேசங்கள் இந்த அலைகளைக் கைவிட்டு வருகின்றன. ஜெர்மனியின் தேசிய வானொலி 2015-ம் வருஷக் கடைசியில் மத்திய அலை ஒலிபரப்பை நிறுத்தியது. பிரெஞ்சு தேசத்தில் ஒரு பெரிய நிலையத்தின் நீண்ட அலை ஒலிபரப்பு 2016-ம் வருஷக் கடைசியில் நின்றது. ரேடியோவைப் பழுது பார்க்கலாம்; பேசுகிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டால் மெக்கானிக் என்ன செய்வார்? அத்தை அதைக் கேட்பதற்கு நாங்கள் சரியான காலத்தில்தான் வந்து சேர்ந்தோம்.

வாத்தியார் குமிழை அத்தையின் பக்கமாகத் திருப்பி வைத்து, "நீங்களே திருப்புங்கள், அம்மா" என்றார். அத்தை திருப்பினாள். ஏதோ ஒரு பாஷையில் பாட்டு வந்தது, போயிற்று. ஒரு பெண் தமிழில் செய்தி வாசித்தாள். நான், "ஆகா!" என்றேன். அத்தை அங்கே நிற்கவில்லை. இன்னும் சற்றுத் திருப்பி, ஒரு நிலையமும் இல்லாத இடத்தில், வெறும் இரைச்சல் மட்டும் கேட்கிற இடத்தில் நிறுத்தினாள். பெட்டியின் மேல் கையை வைத்தாள். மரம் வெதுவெதுப்பாக இருந்தது.

"அன்றைக்கு அவர் பேச ஆரம்பிக்கிறதற்கு முன்னால் இந்தச் சத்தம்தான் வந்து கொண்டிருந்தது. அப்பா இங்கேதான் காதை வைத்துக்கொண்டு நின்றார்" என்றாள்.

நாங்கள் ஒன்றும் பேசவில்லை. எங்கள் வீட்டில் அவ்வளவு நேரம் ஒருவரும் பேசாமலிருந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் வாத்தியார் பின் பலகையை மூடுவதற்கு முன்பு ஒரு காகிதம் கேட்டார். தேதி போட்டு, மாற்றிய சாமான்களின் ஜாபிதாவை வரிசையாக எழுதினார். அதன் கீழே, "டயலில் திருச்சியை அழித்தவர்: வீட்டுக்காரர்" என்றும் எழுதி, என்னிடம் கையெழுத்துக் கேட்டார். போட்டேன். திருச்சியை மறுபடியும் வர்ணத்தினால் எழுதட்டுமா என்று கேட்டபோது, இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அத்தை அந்தக் காகிதத்தை வாங்கி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். பிறகு பேனாவை எடுத்து, நடுங்கும் கையினால் கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: "1948 ஜனவரி 30 இரவு இந்தப் பெட்டியில் கேட்டேன். அப்போது எனக்கு வயது 10."

காகிதத்தை மடித்துத் துணிப் பைக்குப் பக்கத்தில் செருகிவிட்டு, வாத்தியார் நான்கு திருகாணிகளையும் முடுக்கினார்.